பேசாத உறுப்பினர் நேருவும் கேம்பிரிட்ஜ் மஜ்லிஸும்

மாணவர் சங்கங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். மற்ற சங்கங்களில் எப்போதும் பழைய ஆட்கள் சிலர் இருப்பார்கள். ஊர்க் கோயில் கமிட்டி என்றால் இருபது முப்பது வருஷமாக ஒருவரே பொருளாளராக இருப்பார். எந்தத் திருவிழாவில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. மாணவர் சங்கத்துக்கு அந்த வசதி கிடையாது. மூன்று வருஷத்தில் அத்தனை பேரும் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தலைவருக்கு வயது இருபது இருக்கும். தனக்கு முன்னால் தலைவராக இருந்தவரின் பெயர் தெரியும். அவருக்கும் முன்னால் யார் என்று கேட்டால் விழிப்பார். அப்படி ஓர் அமைப்பு ஐந்து வருஷம் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். அறுபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்த ஒன்றைப் பார்த்தால், இவர்கள் எதைச் செய்து இதைக் காப்பாற்றினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கேம்பிரிட்ஜ் மஜ்லிஸ் அப்படி நின்ற சங்கம். 1891-ல் அங்கே படித்த இந்திய மாணவர்கள் தொடங்கியது. ஐந்து வருஷம் கழித்து, 1896-ல், ஆக்ஸ்ஃபோர்டிலும் ஒரு மஜ்லிஸ் வந்தது. மஜ்லிஸ் என்றால் அவை. வங்காளிகள், பஞ்சாபிகள், பார்சிகள், தமிழர்கள், மலையாளிகள், அப்புறம் அன்றைய சிலோனிலிருந்து போனவர்கள் என்று எல்லோருக்கும் இடம் கொடுத்த அவை. தெற்காசிய அரசியல் வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் பெயர் ஒரு வரியில் வந்துபோகும்: 'மாணவராக இருந்தபோது மஜ்லிஸில் பங்கேற்றார்.' அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

தொடக்க காலத்தில் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் உபேந்திர கிருஷ்ண தத் என்ற வங்காளியின் வீடு இந்திய மாணவர்கள் கூடும் இடமாக இருந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் முக்கியமான சிந்தனையாளராக அறியப்பட்ட ரஜனி பாமி தத் இவருடைய மகன்தான். ஊரை விட்டு ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த பையன்களுக்கு, நம் முகங்களைப் பார்க்க ஒரு வீடு. மஜ்லிஸின் வேர் அரசியல் அல்ல, இந்தத் தனிமைதான் என்பது என் எண்ணம். அரசியல் அப்புறம் வந்தது, வராமலும் இருந்திருக்காது.

அரவிந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர் புதுச்சேரிக்காரர். 1910-ல் வந்து 1950-ல் மறையும் வரை அங்கேயே இருந்தவர். ஆனால் ஏழு வயதில், 1879-ல், அண்ணன்களோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அவர். பிள்ளைகளுக்கு இந்தியர் யாரோடும் பழக்கம் வரக்கூடாது, இந்தியச் சாயல் எதுவும் ஒட்டக்கூடாது என்று அவர் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாய்மொழி வங்காளம் கூட ஒழுங்காகத் தெரியாமல், கிரேக்கமும் லத்தீனும் படித்து வளர்ந்தார். 1890-ல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்கு வருகிறார். அடுத்த வருஷம் மஜ்லிஸ் தொடங்குகிறது. சில காலம் அதன் செயலாளராக இருந்தார். அங்கே அனல் பறக்கப் பேசினார். அப்பா பதினோரு வருஷம் கட்டிக் காத்த வேலியைத் தாண்டி, பதினெட்டு பத்தொன்பது வயதில் அவருக்கு இந்தியா கிடைத்த இடங்களில் ஒன்று ஒரு மாணவர் சங்கத்தின் அறை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இதே காலத்தில் அவர் லண்டனில் இன்னொரு சங்கத்திலும் சேர்ந்தார். 'தாமரையும் குறுவாளும்' என்று பெயர். ரகசியச் சங்கம். இந்திய விடுதலைக்காக ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுச் செய்வதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பிறந்தவுடனேயே இறந்த சங்கம் அது என்று அரவிந்தரே பின்னாளில் சொன்னார். ஒரு கூட்டத்தோடு முடிந்துபோனது. சத்தியப் பிரமாணம் செய்த சங்கம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்து, 'ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேசலாம்' என்று சொன்ன சங்கம் அடுத்த நூற்றாண்டுக்குள் போனது. சங்கம் நடத்துகிற யாரிடமும் நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என்பது மஜ்லிஸின் முக்கியமான பழக்கம். பருவம் நடக்கும்போது கூட்டம் அன்றைக்குத்தான். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகள். ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழிவார், ஒருவர் எதிர்ப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், கடைசியில் வாக்கெடுப்பு. பல்கலைக்கழக மாணவர்களின் விவாத மன்றமான, 1815-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் யூனியன் பின்பற்றிய முறையே இங்கேயும். வருஷத்துக்கு ஒரு விருந்து. ஆக்ஸ்ஃபோர்டு மஜ்லிஸோடு போட்டி விவாதம். இங்கிலாந்துக்கு வரும் இந்தியத் தலைவர்களை அழைத்துவந்து பேசவைப்பது. கோகலே, லஜபதி ராய் எல்லாம் இந்த மாணவர்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக வந்திருந்த காந்தி ஆக்ஸ்ஃபோர்டு மஜ்லிஸ் மாணவர்களோடு பேசினார்.

பெரிய மனிதர்கள் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நேருவின் சுயசரிதையில் ஒரு காட்சி இருக்கிறது. வங்காளத்து விடுதலை இயக்கத் தலைவர் பிபின் சந்திர பால் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். ஒரு மாணவரின் சின்ன வரவேற்பறையில் சந்திப்பு. கேட்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கலாம். பாலோ பத்தாயிரம் பேர் திரண்ட மைதானத்தில் பேசுவதுபோல முழங்கினார். சத்தத்தில் அவர் சொன்னதையே பின்தொடர முடியவில்லை என்று எழுதுகிறார் நேரு. ஒலிபெருக்கி வராத காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது. அந்தக் குரலை இந்தப் பையன்கள் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

நேரு 1907 முதல் 1910 வரை டிரினிட்டி கல்லூரியில் படித்தார். மஜ்லிஸுக்கு அடிக்கடி போனார். ஆனால் மூன்று வருஷத்தில் அநேகமாக அங்கே பேசவே இல்லை. கூச்சம். அவருடைய கல்லூரிக்குள்ளேயே 'மேக்பை அண்ட் ஸ்டம்ப்' என்று ஒரு விவாத மன்றம் இருந்தது. ஒரு பருவம் முழுக்க வாயைத் திறக்காத உறுப்பினர் அபராதம் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. பலமுறை அபராதம் கட்டியதாக நேருவே சொல்கிறார். மஜ்லிஸ் விவாதங்கள் பற்றி அவருக்கு விமர்சனமும் உண்டு. விஷயத்துக்குள் இறங்குவதைவிட, நாடாளுமன்றப் பாணியையும் யூனியன் பாணியையும் அப்படியே பிடிப்பதில்தான் அக்கறை காட்டினார்கள் என்பது அவருடைய குறை.

இந்த இடத்தில் நான் நேருவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. பாவனை இருந்திருக்கும், சந்தேகமில்லை. இருபது வயதில் யார்தான் பாவனை செய்யவில்லை? ஆனால் அந்தப் பாணிக்குள் ஒரு பயிற்சி இருந்தது. எதிர்த்தரப்பு பேசி முடிக்கும் வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். நீங்கள் நம்பாத பக்கத்துக்காகவும் சில நாள் வாதாட வேண்டும். எண்ணிக்கையில் தோற்றால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்குரிமையே இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள் வாராவாரம் வாக்கெடுப்பு நடத்தியது சின்ன விஷயமாக எனக்குப் படவில்லை.

அதைவிட, பேசாத நேருதான் எனக்கு முக்கியம். கல்லூரியில் தமிழ் மன்றச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மன்றம் மேடையில் பேசுகிறவர்களால் மட்டும் நிற்பதில்லை. பேச்சாளர்கள் கைதட்டல் கிடைக்கும் இடத்துக்கெல்லாம் போவார்கள். எங்கள் மன்றத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு கூட்டமும் தவறியதில்லை. முடிந்ததும் நாற்காலி அடுக்குவது அவர்கள்தான். வெளியே டீ குடிக்கும்போது, உள்ளே யார் எங்கே சறுக்கினார்கள் என்பதை அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். மஜ்லிஸில் மூன்று வருஷம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், பின்னாளில் இலட்சக்கணக்கானவர்கள் முன்னால் மணிக்கணக்கில் பேசினார். கேட்கிறவனுக்கு இடம் கொடுப்பது ஒரு சங்கம் செய்யக்கூடிய பெரிய காரியம்.

தனிமை என்று சொன்னேன். அது எப்படிப்பட்டது என்பதை ராமானுஜன் கதை காட்டும். அவர் மஜ்லிஸ்காரர் என்று சொல்ல வரவில்லை. அதே ஊரில், அதே காலத்தில் இருந்தவர். 1914-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பெயர் பெற்ற மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போகிறார். இரவில் குளிர் தாங்கவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்கிறார் ராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. எல்லாம் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் செருகி, மேலே விரிப்பு போட்டு மூடியிருக்கிறது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்புக்கு மேலேயே படுத்திருக்கிறார். மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார். கணிதத்தில் உலகமே வியந்த ஒருவருக்குப் படுக்கையைப் பிரித்துக் காட்ட நம் ஊர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். இந்த மாதிரி நூறு விஷயங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத்தான் மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓர் அறையில் கூடுகிறார்கள்.

ஆட்சியாளர்களோ அங்கே வேறொன்றைப் பார்த்தார்கள். 1909 ஜூலை 1-ம் தேதி மதன்லால் திங்க்ரா லண்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு, இந்திய மாணவர் கூடும் இடமெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளானது. அதே வருஷம் வெளிநாட்டிலிருக்கும் இந்தியர்களைக் கண்காணிக்க 'இந்தியன் பொலிட்டிக்கல் இன்டெலிஜென்ஸ்' என்ற உளவுப் பிரிவு உருவானது. மஜ்லிஸ் கூட்டங்களும் அதன் பார்வைக்குத் தப்பவில்லை.

சந்தேகம் அன்றாட வாழ்க்கையில் எப்படி இறங்கியது என்பதற்குச் சுபாஷ் சந்திர போஸின் அனுபவம் சாட்சி. அவர் 1919-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் அதிகாரிகள் பயிற்சிப் படை ஒன்று இருந்தது; நம் என்.சி.சி. மாதிரி. ஆங்கிலேய மாணவர்கள் சேரலாம், இந்தியர்களுக்கு அனுமதி இல்லை. இந்திய மாணவர்கள் இதை விடுவதாக இல்லை. போஸையும் கே. எல். கௌபாவையும் தங்கள் பிரதிநிதிகளாக லண்டனுக்கு அனுப்பினார்கள். இந்திய நிர்வாகத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா அலுவலகத்தில் லிட்டன் பிரபு பொறுமையாகக் கேட்டார். எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, போர் அலுவலகம்தான் தடுக்கிறது என்றார். பயிற்சி முடித்த இந்தியர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவி கேட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கிறார்களாம். பதவி கேட்கமாட்டோம், பயிற்சி மட்டும் போதும் என்று உறுதி கொடுக்கவும் இவர்கள் தயாராக இருந்தார்கள். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி வந்து பயிற்சிப் படைக்காரர்களைக் கேட்டால், தடுப்பது போர் அலுவலகம் இல்லை, இந்தியா அலுவலகம்தான் என்று பதில். கதவு திறக்கவே இல்லை.

1921 ஏப்ரலில் போஸ் ஐ.சி.எஸ். பதவியை உதறினார். அணிவகுப்பு கற்றுக்கொள்ளக்கூட அனுமதி மறுக்கப்பட்டவர் 1943-ல் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். இதில் நம் பக்கத்து ஒட்டுறவு ஒன்றும் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் ஒரு மகன் பி. பி. குமாரமங்கலம் 1966-ல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி மாணவர்.

மோகன் காலத்துக்கு வரும்போது காற்று மாறிவிட்டது. 1930-களின் பிற்பகுதி, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், ஐரோப்பா முழுக்க பாசிசம். இந்திய மாணவர்களில் நல்ல பங்கு இடதுசாரிப் பக்கம் சாய்ந்தது. 1938-ல் மோகன் கேம்பிரிட்ஜ் யூனியனுக்கே தலைவரானார். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1934-ல், டி. எஃப். கராக்கா ஆக்ஸ்ஃபோர்டு யூனியனின் முதல் இந்தியத் தலைவராக வந்திருந்தார். இந்தியர்கள் தங்களுக்குள் யூனியன் பாணியைப் பழகிப் பார்த்ததற்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லலாம். மோகன் ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில் கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலானவர்களோடு சிறைக்குப் போனார். 1971-ல் அவர் மக்களவைக்குத் தேர்வானது அரவிந்தரின் புதுச்சேரியிலிருந்து.

அதே 1938 வாக்கில் லண்டனிலும் ஒரு மஜ்லிஸ் எழுந்தது. அதன் செயலாளராக இருந்தவர் ஜோதி பாசு. இங்கிலாந்து வரும் இந்தியத் தலைவர்களுக்கு வரவேற்பு ஏற்பாடு செய்வது அவருடைய வேலைகளில் ஒன்று. பின்னால் மேற்கு வங்கத்தை 23 வருஷம் ஆண்டவர், இப்படி மண்டபம் பிடித்து ஆள் சேர்த்துத்தான் தொடங்கினார்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய யூனியன்கள் இரண்டும் 1963 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததே 1948-லிருந்துதான். மோகனின் தங்கை பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, ஊர் திரும்பி, தொழிற்சங்கத் தலைவராகி, 1957, 1974, 1977 தேர்தல்களில் கோயம்புத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனார். அந்தத் தலைமுறை மாணவிகளின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். ஆண்களின் நினைவுக் குறிப்புகளில் அவர்கள் ஓரமாக வந்து போகிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு மஜ்லிஸின் முன்னாள் தலைவர்களில் கே. பி. எஸ். மேனன் உண்டு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் போனவர், சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அந்த மஜ்லிஸில் இருந்தவர். அவரைப் பற்றி எழுதும்போது என் மனம் நிலைகொள்வதில்லை. 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர், ஆங்கிலேய மாணவர்கள் தன்னைச் சரிசமமாக ஏற்கவில்லை என்று முதல் வருஷமெல்லாம் உள்ளுக்குள் குமைந்தார். அவர்களுக்குச் சமமாக வேண்டுமென்றால் முதலில் அவர்களை மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர். தெற்காசியாவின் எல்லா மொழிக்காரர்களோடும் மஜ்லிஸில் உட்கார்ந்தவர். 1956-ல் அவர் அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு சங்கம் ஒருவருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும், எதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. மஜ்லிஸை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, 1947-க்குப் பிறகு என்ன ஆயிற்று? நாடு பிரிந்தது, மஜ்லிஸ் உடனே பிரியவில்லை. 1950-களிலும் கேம்பிரிட்ஜ் மஜ்லிஸில் இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் ஒன்றாகவே இருந்தார்கள். 1953-ல் வந்த அமர்த்தியா சென்னும், அப்போது பாகிஸ்தானியராக இருந்து பின்னாளில் வங்கதேசத்தவரான ரெஹ்மான் சோபானும் அதில் தீவிரமாக இயங்கினார்கள். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தாக்குதலைத் தொடங்கியபோது, சோபான் தப்பி, எல்லை தாண்டி, அகர்தலா வழியாக டெல்லி வந்து சேர்ந்தார். அந்த நேரத்தில் அவரால் போய் நிற்க முடிந்த இடம் சென்னின் வீடு. அங்கிருந்துதான் அவருக்கு டெல்லியில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களோடு தொடர்பு கிடைத்தது. ஒரு நாடு பிறக்கிற நேரத்தில், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மாணவர் நட்பு உதவிக்கு வந்தது.

அப்புறம் மெல்ல மெல்ல இந்தியச் சங்கம், பாகிஸ்தான் சங்கம் என்று தனித்தனியாக வந்தன. மாணவர் எண்ணிக்கையும் கூடியது. எல்லோரும் ஒரே அறையில் அடங்க வேண்டிய அவசியம் போயிற்று, மஜ்லிஸ் தேய்ந்தது. இதை ஒரு வீழ்ச்சியாக மட்டும் நான் பார்க்கவில்லை. தனக்கென்று நாடு இல்லாதவர்கள் தொடங்கிய சங்கம் அது. நாடுகள் வந்தபிறகு அவரவர் கொடியோடு போனார்கள்.

அண்மை ஆண்டுகளில் இரண்டு ஊர்களிலும் மாணவர்கள் மஜ்லிஸ் என்ற பெயரையே மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். ஊரில் விசா கிடைக்காமல் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத நாட்டுக்காரர்கள், அங்கே ஒரே அறையில் உட்கார்ந்து பேச முடிகிறது. அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதி வையுங்கள். பெரிய விருந்தினர் வந்த நாளை எல்லோரும் எழுதுவார்கள். தோற்றுப்போன தீர்மானத்தையும், அதை முன்மொழிந்தவர் பெயரையும், வந்து பேசாமல் போனவர்களின் வருகையையும் சேர்த்து எழுதுங்கள்.